உடையறதுக்கும் காசு ஒதுக்குங்க: நடுநிலைப் பள்ளி அறிவியலுக்காக ஒரு திறந்த மடல்

பள்ளிக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்குற அதிகாரிகளுக்கும், பாடத்திட்டம் போடுற கமிட்டிகள்ல இருக்கிறவங்களுக்கும், லேப் கட்டிக்குடுக்குற கம்பெனிக்காரங்களுக்கும்,

வணக்கம்ங்க. ஆறு, ஏழு, எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர் நான். உங்ககிட்ட கேக்கப்போறது ஒரே ஒரு விஷயம்தான், அதை முதல்லயே சொல்லிடறேன், காரணத்தை அப்புறம் விலாவாரியா சொல்றேன். நடுநிலைப் பள்ளி அறிவியலுக்கும் டெக்னாலஜிக்கும் நீங்க குடுக்குற பணத்துல, உடையறதுக்கு, தீர்ந்து போறதுக்கு, தொலைஞ்சு போறதுக்குன்னு ஒரு பங்கை தனியா எடுத்து வையுங்க. அந்தப் பங்கை வருஷா வருஷம் குடுங்க. எதுக்குடா உடைஞ்சுதுன்னு டீச்சரைக் கூப்பிட்டு விசாரிக்காதீங்க.

கேக்குறப்ப சின்ன விஷயமா தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துல அறிவியல் பீரோ ஏன் பூட்டியே கிடக்குதுன்னு யோசிச்சுப் பாத்தீங்கன்னா எல்லாம் இங்கதான் வந்து நிக்கும். ஒரு பீக்கர் வாங்கினா அது ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறும், வருஷக் கடைசியில யாராவது வந்து எண்ணிப் பாப்பாங்க, பன்னிரண்டு இருக்கணும் பதினொண்ணுதான் இருக்குன்னா அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு எழுதிக்குடுக்கணும், சில இடத்துல டீச்சரே கைக்காசு போட்டு வாங்கி வச்சிடுவாங்க ஏன்னா எழுதிக்குடுக்குறதை விட அது ஈஸி. இப்படி ரெண்டு வருஷம் போச்சுன்னா எந்த டீச்சரும் என்ன செய்வாங்க? பூட்டி வச்சிடுவாங்க. அவங்க சோம்பேறி கிடையாது, அறிவியல் மேல ஆர்வம் இல்லாதவங்களும் கிடையாது. பத்திரமா வச்சிருந்தா நல்ல பேரு, பிள்ளைங்க கையில குடுத்தா கேள்வின்னு ஒரு ஏற்பாட்டை நாம செஞ்சு வச்சிருக்கோம், அந்த ஏற்பாடு அதோட வேலையை கரெக்டா செய்யுது. பிள்ளைங்க மட்டும் மைக்ரோஸ்கோப்பை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுப் போறாங்க.

சரி, ஏன் குறிப்பா நடுநிலைப் பள்ளி? சின்ன கிளாஸ்ல எழுதப் படிக்கச் சொல்லித்தரணும், அதுக்கு எல்லாரும் கவலைப்படறோம், கவலைப்படத்தான் வேணும். மேல போனா பப்ளிக் எக்ஸாம் இருக்கு, பிராக்டிகல் மார்க் இருக்கு, அதனால அங்க லேப் வருது, லேப் அசிஸ்டென்ட் வர்றாங்க. நடுவுல இருக்கிற இந்த மூணு வருஷத்துக்கு பப்ளிக் எக்ஸாமும் இல்லை, அவசரமும் இல்லை, அதனால யாரும் எட்டிப் பாக்குறதில்லை. ஆனா பிள்ளைங்க மனசுல "அறிவியல் எனக்கு வரும்", "எனக்கு வராது"ன்னு முடிவாகிறது பெரும்பாலும் இந்த வயசுலதான்.

இதை டீச்சருங்க அனுபவத்துல மட்டும் சொல்லலைங்க. அமெரிக்காவுல ராபர்ட் டாய்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட கூட இருந்தவங்களும் 2006-ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு கட்டுரை போட்டாங்க. 1988-ல எட்டாங்கிளாஸ் படிச்ச பிள்ளைங்ககிட்ட "30 வயசுல நீ என்ன வேலையில இருப்பேன்னு நினைக்கிற"ன்னு கேட்டிருந்தாங்க, அதுக்கப்புறம் 2000 வரைக்கும் அவங்க என்ன ஆனாங்கன்னு பின்தொடர்ந்த தகவல் இருந்துச்சு. அதுல டிகிரி முடிச்சவங்களை எடுத்துப் பாத்தா, எட்டாங்கிளாஸ்லயே அறிவியல் சம்பந்தமான வேலைன்னு சொன்ன பிள்ளைங்க, அப்படி சொல்லாதவங்களை விட இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் பக்கம் டிகிரி வாங்க 3.4 மடங்கு வாய்ப்பு அதிகம், உயிரியல் பக்கம்னா 1.9 மடங்கு. இதை விட என்னை ரொம்ப யோசிக்க வச்சது இன்னொண்ணு. கணக்குல சுமாரான மார்க், ஆனா அறிவியல் வேலைக்குப் போவேன்னு சொன்ன பிள்ளைங்களுக்கு அந்த இயற்பியல், இன்ஜினியரிங் வகை டிகிரி வாங்க 34 சதவீதம் வாய்ப்பு இருந்துச்சு, கணக்குல நல்ல மார்க் வாங்கி ஆனா வேற வேலை சொன்னவங்களுக்கு 19 சதவீதம்தான். அந்த வயசுல மார்க்கை விட ஆசை எவ்ளோ வேலை செய்யுதுன்னு பாருங்க. நாம அந்த ஆசைக்கு என்ன செலவு பண்றோம்?

லண்டன் கிங்ஸ் காலேஜ்ல லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில 10 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. பிள்ளைங்களுக்கு அறிவியல் பாடம் பிடிக்குது, வீட்லயும் அறிவியல் முக்கியம்னுதான் சொல்றாங்க, ஆனா விஞ்ஞானி ஆகணும்னு சொன்னவங்க 15 சதவீதம் பக்கம்தான். பிடிக்காமப் போறதில்ல பிரச்சனை, "அது என்னை மாதிரி ஆளுக்கு இல்லை"ன்னு நினைக்கிறதுதான் பிரச்சனை. இதை பெயின்ட் அடிச்ச சுவத்துல "நீயும் விஞ்ஞானி ஆகலாம்"னு எழுதி மாத்த முடியாதுங்க. தன் கையால ஒரு பொருளை எடுத்து, தப்பா செஞ்சு, திரும்ப செஞ்சு, அது வேலை செஞ்சதைப் பாத்த பிள்ளைதான் "எனக்கும் வரும்"னு நம்பும்.

அது எப்படி நடக்குதுன்னு ஒரு கிளாஸை மட்டும் கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன், ஏன்னா இந்த மடல் படிக்கிறவங்கள்ல பல பேர் ஆறாங்கிளாஸ் ரூமுக்குள்ள போய் ரொம்ப காலம் ஆகியிருக்கும்.

ஊசல் பாடம். ஒரு நூல், ரெண்டு இரும்பு நட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்ளோதான் சாமான். 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு நூலைக் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, இது பத்து தடவை போய்வர எவ்ளோ நேரம் ஆகும்னு அளக்கச் சொல்றோம். பத்து செகண்ட் வரணும். ஒரு குரூப்புக்கு பத்து வருது, ஒரு குரூப்புக்கு ஒன்பது வருது, உடனே சண்டை. உங்க நூல் சின்னது, உங்க வாட்ச் சரியில்லைன்னு ஆரம்பிச்சு கடைசியில ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், ஒன்பது வந்தவங்க கையை விடும்போதே "ஒண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சிட்டாங்க, அதனால அவங்க அளந்தது ஒன்பது ஆட்டம்தான். கையை விடும்போது சைபர்னு சொல்லணும். இதை நான் போர்டுல எழுதிப்போட்டிருந்தா அரை நிமிஷம், ஆனா சண்டை போட்டு கண்டுபிடிச்சதை அவங்க மறக்கவே மாட்டாங்க, அளவு எடுக்குறதுல எங்க தப்பு நுழையும்ங்கிறதை அன்னிக்குத்தான் கத்துக்கிறாங்க.

அடுத்து ரெண்டாவது நட்டையும் சேத்துக் கட்டுங்க, இப்ப வேகமா ஆடுமா மெதுவா ஆடுமான்னு கேட்டா முக்கால்வாசி கையும் "வேகமா"வுக்குத்தான் தூக்கும். அளந்தா அதே பத்து. யாரும் நம்ப மாட்டாங்க. திரும்ப அளப்பாங்க. ஒரு குரூப் மட்டும் "எங்களுக்கு மாறுது டீச்சர்"னு வரும், போய்ப் பாத்தா ரெண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழ தொங்கவிட்டிருப்பாங்க, அப்ப ஊசலோட நீளமே கூடிடுச்சு. பக்கத்துல பக்கத்துல வச்சுக் கட்டினா சரியாயிடும். எடையை மட்டும் மாத்தணும்னா வேற எதையும் மாத்தக்கூடாதுங்கிற பெரிய விஷயம் அங்க ரெண்டு நட்டுல முடிஞ்சுபோச்சு. அப்புறம் நூலை ஒரு மீட்டர் ஆக்கினா நாலு மடங்கு நீளம், நேரமும் நாலு மடங்கு ஆகும்னு எதிர்பாத்துட்டு நிப்பாங்க, ஆனா பத்து ஆட்டத்துக்கு இருபது செகண்ட்தான் வரும், ரெண்டே மடங்கு. அப்பத்தான் பின்னாடி வரிசையில இருந்து ஒரு குரல் வரும், "அப்ப ஒரு ஆட்டத்துக்கு மூணு செகண்ட் வேணும்னா எவ்ளோ நூல் வேணும் டீச்சர்?" ஒன்பது மடங்கு, ரெண்டேகால் மீட்டர். அதைக் கட்டித் தொங்கவிட ரூம்ல உயரம் பத்தாது, மாடி கைப்பிடியில இருந்து தொங்கவிட்டு அளப்போம், ஸ்கூலே வேடிக்கை பாக்கும். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656-ல ஊசல் கடிகாரம் செஞ்சார்ங்கிற வரி புத்தகத்துல இருக்கு, அதை அன்னிக்குப் படிச்சா அந்த மனுஷன் என்ன யோசிச்சிருப்பார்னு பிள்ளைங்களுக்கே தெரியும்.

இதுல காசு எங்க செலவாச்சுன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. நூலுக்கும் நட்டுக்கும் பெருசா ஒண்ணும் ஆகலை. இங்க செலவானது நேரம். ஒரு பீரியட் நாப்பது நிமிஷம், அதுல வருகை எடுத்து, குரூப் பிரிச்சு, சாமான் குடுத்து, திரும்ப வாங்கி வச்சு, மிச்சம் இருபது நிமிஷம்தான். அந்த சைபர் சண்டைக்கே அது பத்தாது. அதனால ரெண்டு பீரியட் சேந்தாப்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது அறிவியலுக்கு வேணும்ங்க, டைம்டேபிள்ல அதை எழுத்துப்பூர்வமா போட்டுக் குடுத்தீங்கன்னா ஹெச்.எம்.களும் மறுக்க மாட்டாங்க, யாரும் பிடுங்கிக்கவும் மாட்டாங்க.

ஊசல் உடையாது, ஆனா மின்சாரப் பாடம் உடையும். எல்.இ.டி விளக்கை எடுத்துக்குங்க. ஒரு பேட்டரி செல் 1.5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி எரிய கிட்டத்தட்ட 2 வோல்ட் வேணும். ஒரு செல்லை வச்சா எரியாது. திருப்பி வச்சுப் பாப்பாங்க, எரியாது. "இது செத்துப்போச்சு டீச்சர்"னு தூக்கிட்டு வருவாங்க. ரெண்டு செல்லை வரிசையா வச்சு, நீளமான காலை பிளஸ் பக்கம் வச்சா பளிச்சுன்னு எரியும். அந்த சந்தோஷத்துல நாலு செல் வச்சா இன்னும் பிரகாசமா எரியும்னு எவனாவது ஒருத்தன் வைப்பான், ஒரு நொடி எரிஞ்சிட்டு நிஜமாவே செத்துப்போகும். அந்த எல்.இ.டி செத்தாத்தான், மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாம தடுக்குற ரெசிஸ்டர்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு அவனுக்குத் தேவை வருது. அதுவரைக்கும் ரெசிஸ்டர் புத்தகத்துல வர்ற ஒரு கோணல்மாணல் கோடு. அதாவது அந்த பீரியட்ல பாடம் நடந்ததே ஒரு சாமான் வீணானதாலதான். இதை ஸ்டாக் ரிஜிஸ்டர்ல "ஒரு எல்.இ.டி குறைவு, காரணம் கூறவும்"னு எழுதினா, நாலாவது செல்லை வைக்க விடாம நானே தடுத்திடுவேன். தடுக்கிற டீச்சரா இருக்கிறது ரொம்ப சுலபம், இப்ப இருக்கிற விதிமுறை எல்லாம் அதுக்குத்தான் பரிசு குடுக்குது.

கம்ப்யூட்டர் ரூமும் இதே கதைதான். கவர் போட்டு மூடி வச்சு, செட்டிங்ஸ் எதையும் தொடக்கூடாதுன்னு பாஸ்வேர்ட் போட்டு, பிள்ளைங்க உள்ள போனா டைப் பண்ண, படம் வரைய, ஸ்லைடு போட மட்டும்னு வச்சிருக்கோம். ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க உங்கள்ல இருப்பீங்க. கேம்பிரிட்ஜ்ல எபன் அப்டனும் அவரோட நண்பர்களும், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வர்ற பசங்க எண்ணிக்கையும் குறையுது, வர்றவங்களுக்கு கம்ப்யூட்டர் உள்ள எப்படி வேலை செய்யுதுங்கிற கை அனுபவமும் குறையுதுன்னு கவனிச்சாங்க. 1980-கள்ல வீட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணினாலே நேரா புரோகிராம் எழுதலாம், குடைஞ்சு பாக்கலாம். அப்புறம் வந்ததெல்லாம் குடும்பத்துக்கே ஒரு விலையுயர்ந்த மெஷின், அதை நோண்டாதேன்னுதான் வீட்ல சொல்லுவாங்க. அதனால பிள்ளைங்க பயமில்லாம நோண்டுற மாதிரி ஒரு சின்ன கம்ப்யூட்டர் வேணும்னு செஞ்சு 2012-ல வித்தாங்க. அதுல பிள்ளை ஏதாவது கெடுத்துட்டா மெமரி கார்டை அழிச்சு திரும்ப எழுதினா போதும், புதுசா ஆயிடும். கெடுத்தா சரி பண்ணிக்கலாம்ங்கிறதையே டிசைன்ல வச்சாங்க பாருங்க, அதுதான் எனக்கு முக்கியமா படுது.

2016-ல பிபிசி இன்னும் ஒரு படி மேல போச்சு. மைக்ரோபிட்னு உள்ளங்கையில அடங்குற ஒரு சின்ன போர்டு, அதை பிரிட்டன்ல 11, 12 வயசுப் பிள்ளைங்களுக்கு, அதாவது நம்ம ஆறாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ் வயசு, பத்து லட்சம் பக்கம் குடுத்தாங்க. ஸ்கூல் பீரோவுக்கு இல்ல, அந்தப் பிள்ளைக்கே சொந்தமா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போக. தொலைஞ்சா தொலைஞ்சது. ஸ்கிராட்ச் இருக்கு, எம்.ஐ.டி. மீடியா லேப்ல இருந்து 2007-ல வந்தது, காசே இல்லாம கிடைக்குது, கட்டம் கட்டமா சேத்து புரோகிராம் எழுதலாம், எங்க தப்பு விட்டாலும் எதுவும் உடையாது. இதுக்கு முன்னோடியா 1967-லயே சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்ஸைக் இவங்கல்லாம் லோகோன்னு பிள்ளைங்களுக்கான புரோகிராமிங் மொழியை ஆரம்பிச்சிட்டாங்க. புரோகிராம்ல வர்ற தப்பை, தோத்துட்டோம்னு பாக்காம, சரி எங்க மாத்தணும்னு தேடிப் பாக்குற பழக்கம் பிள்ளைக்கு வரணும்ங்கிறதுதான் பாப்பர்ட் திரும்பத் திரும்ப சொன்னது. இத்தனை வருஷம் கழிச்சும் நாம கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளிய செருப்பை கழட்டச் சொல்றதுல காட்டுற அக்கறையை உள்ள என்ன நடக்குதுங்கிறதுல காட்டலைங்க.

இதெல்லாம் வசதியான நாட்டுக்குத்தான் சரிப்படும்னு சொல்றவங்களுக்கு ஹோஷங்காபாத்தை ஞாபகப்படுத்தணும். மத்தியப் பிரதேசத்துல 1972-ல பதினாறு நடுநிலைப் பள்ளியில ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர்னு ரெண்டு அமைப்பு சேந்து ஆரம்பிச்சது, பின்னாடி ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்துச்சு. சரியா ஆறு, ஏழு, எட்டாங்கிளாஸ்தான். பிள்ளைங்க குரூப் குரூப்பா உக்காந்து சோதனை செஞ்சு, தாங்களே பதில் எழுதணும், பாடப்புத்தகத்துல பதில் இருக்காது. கிட் குடுத்ததோட நிக்காம, தீர்ந்துபோன சாமானைத் திரும்பக் குடுக்கவும் ஏற்பாடு வச்சிருந்தாங்க. டீச்சருங்க மாசாமாசம் கூடி எந்த சோதனை ஒத்துவரலைன்னு பேசுவாங்க. எக்ஸாம்ல புத்தகத்தைத் திறந்து வச்சு எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. சவாலிராம்னு ஒரு கற்பனை மனுஷர் பேருக்குப் பிள்ளைங்க தங்களோட கேள்வியை எல்லாம் லெட்டர் எழுதிப் போடுவாங்க, பதிலும் போகும். அது ஆயிரம் பள்ளிக்கிட்ட பரவி முப்பது வருஷம் அரசுப் பள்ளியில நடந்துச்சு. 2002-ல அரசாங்கம் நிறுத்திடுச்சு. நிறுத்தினது வேற விஷயம், ஆனா சாதாரண பள்ளிக்கூடத்துல, சாதாரண டீச்சரை வச்சு இதை நடத்த முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாதுங்க.

எக்ஸாம்னு சொன்னதும் பாடத்திட்டக் கமிட்டிக்கு ஒரு வார்த்தை. நீங்க கேக்காத எதையும் எங்களால நடத்த முடியாது, இதுதான் நிஜம். பருவகாலம் ஏன் மாறுதுன்னு ஒரு பாடம். பூமியோட அச்சு 23.5 டிகிரி சாஞ்சிருக்குன்னு எல்லாப் பிள்ளையும் எழுதிடும், முழு மார்க். அதே பிள்ளையை வெளிய கூப்பிட்டு கோடைகாலம் ஏன் சூடா இருக்குன்னு கேட்டா "அப்ப சூரியனுக்குக் கிட்ட போறோம்"னு சொல்லும். ஆனா பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட இருக்கிறது ஜனவரி முதல் வாரத்துல, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ரொம்ப தள்ளி இருக்கிறது ஜூலை முதல் வாரம், 15.2 கோடி. பூமியோட வடபாதியில ஜூலைதான் கோடை! கிட்ட இருக்கிறதுதான் காரணம்னா இது எப்படி? ஒரு டார்ச்சையும் கட்டம் போட்ட பேப்பரையும் குடுங்க, டார்ச்சை நேரா அடிச்சா வெளிச்சம் எத்தனை கட்டத்துல விழுது, சாச்சு அடிச்சா எத்தனை கட்டத்துல பரவுதுன்னு எண்ணட்டும், அதே வெளிச்சம் அதிக இடத்துக்குப் பரவினா ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கிறது குறையும்னு அவங்களே சொல்லிடுவாங்க. நீங்க எக்ஸாம்ல "அச்சு எத்தனை டிகிரி"ன்னு கேக்குற வரைக்கும் அந்த டார்ச் பீரோவை விட்டு வெளிய வராது. செய்முறைக்குன்னு கொஞ்சம் மார்க்காவது இந்த மூணு கிளாஸ்லயும் வையுங்க, அதையும் ரிக்கார்டு நோட்டைப் பாத்து போடாம, கையில சாமானைக் குடுத்து "இதை அளந்து காட்டு"ன்னு கேட்டுப் போடுங்க.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. சாமான் கம்மியா இருந்தா யார் கையில அது போகுது? பத்து பேருக்கு ஒரு கிட் குடுத்துப் பாருங்க, சத்தமா பேசுற ரெண்டு பசங்க அதைப் பிடிச்சுக்குவாங்க, ஸ்குரூடிரைவர் அவங்க கையில, பொண்ணுங்க கையில நோட்டும் பேனாவும். "நீ அழகா எழுதுவ, நீ எழுது." வருஷம் முழுக்க இது நடக்கும், கடைசியில பொண்ணுங்களுக்கு டெக்னாலஜியில ஆர்வம் கம்மின்னு ஒரு முடிவுக்கும் வந்துடுவோம். ஆர்வம் எங்கங்க கம்மி, அவங்க கைக்கு அது வந்தாத்தானே! மூணு பேருக்கு ஒரு செட்னு குடுத்து, பீரியடுக்கு ஒரு தடவை எழுதுறவங்களும் செய்யறவங்களும் மாறணும்னு வச்சா இது பாதி சரியாயிடும். சாமான் கூட வேணும்ங்கிறதுக்கு இதை விடப் பெரிய காரணம் எனக்குத் தெரியலை.

இப்ப கம்பெனிக்காரங்ககிட்ட. உங்க மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்லை. நீங்க கட்டிக்குடுக்குற லேப்ல பளபளன்னு மேஜை, சுவத்துல பெரிய ஸ்மார்ட் போர்டு, பெட்டியில ரோபோடிக்ஸ் கிட், திறப்பு விழா, போட்டோ. அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு மட்டும் நீங்க வந்து பாக்குறதில்லை. ரோபோடிக்ஸ் கிட்ல முதல்ல போறது மோட்டாரோட வயர், பத்தவச்ச இடத்துல அறுந்துடும். ஈயப்பத்து வச்சு ஒட்டினா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ஸ்கூல்ல சால்டரிங் அயர்ன் கிடையாது, இருந்தாலும் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது, அந்த மோட்டார் மட்டும் தனியா வாங்கலாம்னா அந்தக் கம்பெனி தனியா விக்காது. ஒரு வயருக்காக மொத்த கிட்டும் திரும்ப பெட்டிக்குள்ள போயிடும். நீங்க ஒரு ஸ்கூலுக்குப் பெரிய லேப் கட்டுற காசை வச்சு, நாலு ஸ்கூலுக்கு சாதாரண சாமான் குடுத்து, அஞ்சு வருஷத்துக்கு உதிரி பாகமும் பேட்டரியும் அனுப்புங்க. எங்க வேணும்னாலும் கிடைக்கிற சாமானா குடுங்க, உங்க பேர் அச்சடிச்ச ஸ்பெஷல் பெட்டி வேணாம். மாசத்துக்கு ஒரு நாள் உங்க இன்ஜினியர் ஒருத்தரை அனுப்புங்க. அவர் மேடையில பேச வேணாம்ங்க, கெட்டுப்போனதை எல்லாம் பிள்ளைங்க முன்னாடி உக்காந்து பிரிச்சு ரிப்பேர் பண்ணட்டும், ஏன் கெட்டுதுன்னு சத்தமா யோசிக்கட்டும், முடியலைன்னா முடியலைன்னு சொல்லட்டும். பெரியவங்களுக்கும் தெரியாத விஷயம் இருக்கு, அவங்க அதை எப்படித் தேடுறாங்கன்னு பிள்ளைங்க பாக்கணும். பொண்ணு இன்ஜினியர் வந்தா இன்னும் சந்தோஷம்.

விலை கூடின சாமான்தான் அறிவியல்னு ஒரு நினைப்பு இருக்கு, அதையும் விட்டுடணும். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல சின்னப் பிள்ளைங்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு 1825-ல ஆரம்பிச்சது. அதுல மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை வச்சே ஆறு சொற்பொழிவு குடுத்தார். அந்த விஞ்ஞானி சின்ன வயசுல புத்தகம் பைண்டிங் பண்ற இடத்துல வேலை கத்துக்கிட்டு இருந்த பையன், அங்க பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தைப் படிச்சுத்தான் அறிவியலுக்குள்ள வந்தார். எரியற மெழுகுவத்திக்கு மேல ஒரு குளிர்ந்த கண்ணாடி டம்ளரைக் கவுத்துக் காட்டினா உள்பக்கம் மூடுபனி மாதிரி தண்ணி படியும், நெருப்புல இருந்து தண்ணி எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, அன்னிக்கு முழுக்க பேசலாம். டம்ளர் சில சமயம் சூட்டுல விரிசல் விடும், அதான் சொன்னேனே, அதுக்கும் சேத்து ஒதுக்கணும்னு.

உடையலாம்னு சொல்றதை ஆபத்தா இருக்கலாம்னு யாரும் எடுத்துக்க வேணாம். பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் எந்த ஸ்கூல்ல இருந்தாலும் அதை எடுத்துடுங்க, பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கிறதுக்கான மினமாட்டா உடன்படிக்கைங்கிற உலக ஒப்பந்தம் 2017-ல நடைமுறைக்கு வந்துடுச்சு, டிஜிட்டல் தெர்மாமீட்டர் தாராளமா கிடைக்குது. கடுமையான ஆசிட் இந்த வயசுக்குத் தேவையே இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி, ஒரு முதலுதவிப் பெட்டி, பக்கத்துல தண்ணிக் குழாய், ஒரு வாளி மணல், நாப்பது பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர்னு இல்லாம சோதனை பீரியடுக்கு மட்டுமாவது இன்னொரு பெரியவங்க கூட இருக்கணும். இதுவும் வருஷாவருஷ செலவுக்குள்ளதான் வரும்.

டீச்சருங்களைப் பத்தி கடைசியா சொல்றேன், கடைசியா சொன்னாலும் இது சின்ன விஷயம் இல்லை. நடுநிலைப் பள்ளியில ஒரே ஆள் இயற்பியல், வேதியியல், உயிரியல், இப்ப கம்ப்யூட்டரும் சேத்து எடுக்குறாங்க. தாவரவியல் படிச்சிட்டு வந்தவங்க சர்க்யூட் கட்டணும். வருஷத்துல ஒரு தடவை பெரிய ஹால்ல உக்கார வச்சு ஸ்லைடு காட்டுற டிரெய்னிங்ல அது வராது. டிரெய்னிங்லயும் எங்க கையில சாமானைக் குடுங்க, எங்களையும் நாலு எல்.இ.டி எரிக்க விடுங்க. பக்கத்துப் பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க மாசத்துக்கு ஒரு அரைநாள் கூடிப் பேச அனுமதி குடுங்க, அதை டியூட்டியா கணக்குல எடுங்க. பிள்ளை கேக்குற கேள்விக்குப் பதில் தெரியாத டீச்சர் அதட்டி உக்கார வைக்காம "வா செஞ்சு பாப்போம்"னு சொல்லணும்னா, அதை சொல்ற தைரியத்தை முதல்ல அவங்களுக்குக் குடுக்கணும்.

அதனால அடுத்த பட்ஜெட்டுக்கு உக்காரும்போது செய்ய வேண்டியது இதுதான். நடுநிலைப் பள்ளி அறிவியலுக்கு ஒதுக்குறதை ஒரே தடவை வாங்குற சாமான்னு ஒரு தலைப்புலயும், வருஷாவருஷம் தீர்ற சாமான்னு இன்னொரு தலைப்புலயும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டாவது தலைப்புல இருந்து முதலாவதுக்குப் பணத்தை மாத்தக்கூடாதுன்னு சேத்து எழுதுங்க. ரெண்டாவது தலைப்புப் பணத்தை வருஷ ஆரம்பத்துலயே ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க, மார்ச் மாசம் வந்தா அவசரத்துல எதையோ வாங்கத்தான் உதவும். கண்ணாடி சாமான், பேட்டரி, பல்பு, வயர், எல்.இ.டி இதெல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எண்ணிப் பாக்குற பட்டியல்ல இருந்து எடுத்துட்டு, சாக்பீஸ் மாதிரி தீர்ற பொருள் பட்டியல்ல சேருங்க. அதுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க பீரோவுல எவ்ளோ இருக்குன்னு எண்ணாம, இந்த வருஷம் எவ்ளோ தீர்ந்துச்சுன்னு கேக்கட்டும், எதுவுமே தீரலைன்னா அங்க நின்னு ஏன்னு விசாரிக்கட்டும். அந்த சுற்றறிக்கை இந்தக் கல்வி ஆண்டு தொடங்குறதுக்குள்ள வந்துட்டா, முதல் வாரமே நாங்க பீரோவைத் திறந்துடுவோம்ங்க.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி அறிவியல் டீச்சர் ஒருத்தி